புதுப்பிப்பு: உப்புவெளி மணலில் பயிற்றங்காய்

மாசியில் கேட்டிருந்தேன்: திருகோணமலை உப்புவெளியில் கடலோர மணல் வளவு, ஊற்றும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது, இதில் மரக்கறி வருமா என்று. மாட்டெருவும் தென்னந்தும்பும் கலந்து சருகால் மூடச் சொன்னீர்கள். அப்படியே செய்தேன். இப்போது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வறுத்தெடுக்கிறது, ஆனாலும் காலையும் பின்னேரமும் ஊற்றினால் பாத்தி தாங்குகிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பயிற்றங்காயை விதை புடைக்க முன்னமே ஆய்ந்துவிட வேண்டும். முறித்தால் டக்கென்று உடைந்து, உடைந்த இடத்தில் ஈரம் தெரியும். அந்தப் பதத்தில் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறி வைத்துப் பாருங்கள், சீனி போட்டதா என்று கேட்பார்கள். முற்ற விட்டால் நாரும் வரும், கொடி காய்ப்பதும் குறையும். அதனால் எங்கள் வீட்டில் இப்போது நாள் தவறாமல் பயிற்றங்காய்தான், பிள்ளைகள் முறைக்கிறார்கள்.

வல்லாரை கிணற்றடி ஈரத்தில் தானாகப் படர்கிறது. பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துப் பிசைந்தால் சம்பல். தேசிக்காய்ப் புளியை மட்டும் சாப்பிட இருக்கும்போது விடுங்கள், முந்தி விட்டால் இலையின் பச்சை மங்கிவிடும். கூடவே சூடான சோறும் மீன்குழம்பும் இருந்தால் வேறென்ன வேண்டும்!

கத்தரி பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை. பார்ப்போம்.

மான் வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மானெல்லாம் திருகோணமலைக் கோட்டைப் பக்கம். இங்கே தொல்லை மாடுதான். பழைய மீன்வலையை வேலியில் இரட்டையாகக் கட்டியிருக்கிறேன், இதுவரை உள்ளே வரவில்லை.