ஆர்ச்டாப் கிட்டார்: பிரிட்ஜ் இடமும் சுருதியும்

ஆர்ச்டாப்பில் (மேல்பலகை வளைந்து புடைத்த கிட்டார்) பிரிட்ஜை, அதாவது கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டையை, ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகளின் அழுத்தம்தான் அதை நிறுத்தி வைக்கிறது. ஆறு கம்பிகளையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் சரிந்து மேல்பலகையைக் கீறிவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றியே தீர வேண்டுமானால், முதலில் பிரிட்ஜின் அடிக்காலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறியுங்கள்.

புதுக் கம்பி, கழுத்து வளைவு, கம்பி உயரம் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் இன்டொனேஷனில் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) கைவைக்கணும். உயரம் மாறினால் அழுத்தும்போது கம்பி இழுபடும் அளவும் மாறும். பார்த்த வேலை வீண். பிரிட்ஜின் உயரத்தை மாற்றும் தம்ப்வீலைத் திருகுமுன் கம்பியைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் மரை தேயும்.

நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் உட்காரும் துண்டு) 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து, அங்கிருந்து அதே தூரத்தில் சாடிலில் (பிரிட்ஜின் மேல்பகுதி) கம்பி உட்காரும் விளிம்பை வையுங்கள். அங்கிருந்து மெல்லிய இ பக்கம் சுமார் 2 மி.மீ., தடித்த இ பக்கம் சுமார் 4 மி.மீ. பின்னால் தள்ளினால் ஆரம்ப இடம் கிடைக்கும். பிரிட்ஜ் கொஞ்சம் கோணலாக நிற்கும், அப்படித்தான் நிற்கணும்.

பிறகு ட்யூனரில் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி), அங்கேயே அழுத்தி மீட்டும் ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியதன் சுருதி ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் பாகம்) பக்கம், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள். ஒரு முனையைத் தள்ளினால் மறுமுனையும் லேசாக ஓடும். இரண்டு ஓரக் கம்பிகளையும் மாறிமாறிப் பாருங்கள். தள்ளும்போது அடிக்காலைப் பிடியுங்கள்.

---

இதோடு ஒன்று: பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சுருதி ஏற்ற ஏற்ற, கம்பிகள் சாடிலின் தலையை நட் பக்கம் இழுக்கும். அடிக்காலின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாள் நுழைந்தால் போச்சு, சத்தமும் மெலியும். சரிந்த பிரிட்ஜை நிமிர்த்துங்கள். அதன் பிறகும் இடுக்கு இருந்தால் காலின் வளைவே பொருந்தவில்லை. 120 கிரிட் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் விரித்து, காலை அதன்மேல் சின்னச் சின்னதாகத் தேயுங்கள். கடைசியில் 220. கை ஆடினால் கால் உருண்டுவிடும், பொறுமையாகத் தேயுங்கள்.

---

ஜி கம்பியின் (மூன்றாவது கம்பி) சுருதி மட்டும் ஏறி நிற்கிறதா? பழைய பாணி மரச் சாடிலின் படிகள் சுற்றுக் கம்பி (மேலே இன்னொரு கம்பி சுற்றியது) ஜி-க்காக வெட்டியவை. அதில் சுற்றில்லாத வெறுங்கம்பி போட்டால் பிரிட்ஜை எங்கே நகர்த்தினாலும் சேராது. 12 செட்டில் (மெல்லிய இ 0.012 அங்குலம்) 24, அதாவது 0.024 அங்குலம், அளவுள்ள சுற்றுக் கம்பியே போடுங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் சரியாகி முதல் இரண்டு ஃப்ரெட்டில் மட்டும் ஏறினால் பிரிட்ஜைத் தொடாதீர்கள். நட்டில் பள்ளம் ஆழம் போதவில்லை.