அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: ஆக்சிகோடோன் மாத்திரையைப் பற்றி அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

எடிசன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் அருகே வசிக்கிறோம். எங்களுடன் இருக்கும் என் தாயாருக்கு வயது 68. சென்ற செவ்வாய்க்கிழமை அவருக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வரும்போது 5 மில்லிகிராம் ஆக்சிகோடோன் மாத்திரைகள் 30 கொண்ட ஒரு குப்பியும், ஒரு கட்டு ஆங்கிலத் தாள்களும் கையில் கிடைத்தன. ஓபியாய்டு வகை வலி மருந்தை முதன்முறை எழுதிக் கொடுக்கும்போது அதன் அபாயங்களையும் மாற்று வழிகளையும் நோயாளியிடம் மருத்துவர் பேசியாக வேண்டும் என்பது 2017 முதல் இந்த மாநிலத்தில் சட்டம். அவர் பேசத்தான் செய்தார். ஆனால் என்னிடம் பேசினார். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "வலித்தால் போட்டுக்கொள்ளும் மாத்திரை, அதிகமாகப் போடக் கூடாதாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

அந்த ஒரு வரியின் பலனை இப்போது அனுபவிக்கிறோம். கோயிலில் பழக்கமான ஒருவர் தொலைபேசியில் "அது அபின் மாத்திரை" என்று சொல்லிவிட்டதால், அம்மா முதல் மூன்று நாட்களில் இரண்டு மாத்திரைகளுக்கு மேல் தொடவில்லை. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வருபவர் காலை மடக்கச் சொன்னால் கண்ணீர் விடுகிறார், பாதியில் நிறுத்திவிடுகிறார். இதற்கிடையில், மிச்சமாகும் மாத்திரைகளை அடுத்த மாதம் ஊருக்குப் போகும் உறவினர் மூலம், இடுப்பு வலியால் அவதிப்படும் கும்பகோணத்து மாமாவுக்குக் கொடுத்தனுப்பப் போவதாகவும் சொல்கிறார். "காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போடுவதா?" என்பது அவருடைய கேள்வி. குப்பி இப்போது அவருடைய கைப்பையில் இருக்கிறது. பாட்டியின் கைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும் என்பது என் நான்கு வயது மகளுக்கு நன்றாகத் தெரியும்.

தனக்கு அபின் என்று அஞ்சுகிற மாத்திரையைத் தம்பிக்கு அனுப்பத் துணிகிறாரே என்று எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் மனம் கோணாமல் இதையெல்லாம் எந்தச் சொற்களில் எடுத்துச் சொல்வது? இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

எலும்பு வார்டு செவிலி எழுதியது:

வணக்கம் சகோதரரே. மிச்சிகனில் எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியாகப் பணியாற்றுகிறேன். முதலில் குப்பியைக் கைப்பையிலிருந்து எடுத்து, பூட்டக்கூடிய ஒரு பெட்டியிலோ அலமாரியிலோ வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். அந்த வயதுக் குழந்தைக்கு ஒரே ஒரு மாத்திரைகூட மூச்சை நிறுத்திவிடக் கூடும்.

அடுத்து, நீங்கள் மொழிபெயர்த்ததே தவறான தொடக்கம். உங்கள் ஆங்கிலத்தை நான் குறை சொல்லவில்லை. மகன் நடுவில் நிற்கும்போது தாய் தன் மலச்சிக்கலையும் தூக்க மாத்திரையையும் பற்றி வாய் திறக்க மாட்டார் என்பதுதான் காரணம். கூட்டரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்தாக வேண்டும், உடன் வந்த உறவினரை நம்பி விட்டுவிடக் கூடாது என்பது இங்கு சட்டம். தமிழுக்குத் தொலைபேசி வழியாகக் கிடைக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் நடக்கும் சந்திப்பிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும். மயக்கம் தெளிந்தும் தெளியாத நிலையில் வீட்டுக்குப் புறப்படுகிறவரிடம் சொல்லும் எதுவும் நிற்காது. பரவாயில்லை, நாளைக் காலை மருத்துவர் அலுவலகத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு செவிலி பேச வேண்டும் என்று கேளுங்கள். பேசி முடித்ததும், கேட்டதை அம்மா தன் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் நம் தாய்மார்கள் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

அபின் என்று அவர் சொல்வதை மறுக்காதீர்கள். கசகசாச் செடியின் பாலிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டுதான் ஆக்சிகோடோன் செய்யப்படுகிறது. அவருடைய அச்சம் ஆதாரமற்றதும் அன்று: 2017-இல் ஜாமா சர்ஜரி இதழில் வந்த ஓர் ஆய்வில், அதற்குமுன் ஓபியாய்டு எடுத்திராத நோயாளிகளில் ஏறத்தாழ 6 சதவீதம் பேர் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதங்களுக்குப் பின்னும் அவற்றை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே, "பயப்பட ஒன்றுமில்லை" என்று மழுப்புவதைவிட, "பயம் நியாயமானது, அதனால்தான் எண்ணி எண்ணிக் குறைந்த நாட்களுக்கு மட்டும் போடுகிறோம்" என்று சொன்னால் அவர் உங்களை நம்புவார். வலியைப் பொறுத்துக்கொண்டு காலை மடக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடும், அதன் பிறகு புது மூட்டு வைத்துப் பயனில்லை என்பதையும் அவர் கேட்க வேண்டும்.

எங்கள் வார்டில் சொல்லும் முறை இது. அடித்தளம் அசெட்டமினோஃபென், அதாவது ஊரில் பாராசிட்டமால் என்று நாம் வாங்குவது. மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில், வலி வரும்வரை காத்திராமல் மணிப்படி அதைப் போட வேண்டும். ஐபுபுரோஃபென் போன்றவை, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாமல் போகலாம். மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இவற்றையும் ஐஸ் ஒத்தடத்தையும் மீறி நிற்கும் வலிக்குத்தான் ஆக்சிகோடோன். பயிற்சியாளர் வருவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் ஒன்று போட்டால் அந்தக் கண்ணீர் பெரும்பாலும் நிற்கும். வலி குறையக் குறைய முதலில் நிறுத்த வேண்டியதும் ஆக்சிகோடோன்தான்.

"பத்துக்கு எத்தனை வலி?" என்ற கேள்வி நம்மவர்களிடம் எடுபடுவதே இல்லை, கேட்டால் எல்லாரும் ஐந்து என்பார்கள். குத்துகிறதா, உளைகிறதா, கடுக்கிறதா என்று கேளுங்கள். கழிப்பறை வரை நடக்க முடிகிறதா, இரவில் இரண்டு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்க முடிகிறதா என்று கேளுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை அந்தப் பதில்களே சொல்லிவிடும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். கீரையும் வாழைப்பழமும் மட்டும் அதற்குப் போதா, சென்னா போன்ற மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, ஆனால் இதுதான் என் அடிவயிற்றைக் கலக்குவது. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பலரிடம் அல்பிரசோலம் அட்டை ஒன்று இருக்கும். "தூக்க மாத்திரைதானே" என்று மருந்துப் பட்டியலில் சொல்லவே மாட்டார்கள். அதையும் ஆக்சிகோடோனையும் சேர்த்து எடுத்தால் மூச்சு அடங்கிவிடக் கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 முதல் இரண்டின் மீதும் இதைக் கட்டம் கட்டி எச்சரிக்கிறது. அம்மாவிடம் தனியாக, கோபப்படாமல் கேளுங்கள். இருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நெடுநாள் எடுத்தவருக்குத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் நீங்களாகப் பறித்து எறிந்துவிடாதீர்கள்.

கடைக்காரத் தமிழன் எழுதியது:

நான் நியூ ஜெர்சியில் மருந்தாளுநர். செவிலி அம்மையார் சொன்னதற்கு மேல் மருத்துவத்தில் நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான்: மருத்துவச் சீட்டு இல்லாமல் எங்கள் கடைகளிலேயே 2023 முதல் கிடைக்கும், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் 4 மில்லிகிராம் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். அம்மாவோ குழந்தையோ தட்டி எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, குறட்டை போலக் கரகரத்து, உதடு நீலம் பாய்ந்தால், 911-ஐ அழைத்துவிட்டு ஒரு நாசியில் ஒரு முறை தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் விழிக்காவிட்டால் புதிய தெளிப்பானால் மறு நாசியில். விழித்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனெனில் நலோக்சோன் கலைந்த பிறகும் ஓபியாய்டு உடலில் இருக்கும்.

மிச்சம் பற்றி. உங்கள் வீட்டில் மட்டும் மிஞ்சவில்லை. ஆறு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் 67 முதல் 92 சதவீதம் பேரிடம் ஓபியாய்டு மாத்திரைகள் மிஞ்சியிருந்தன. பெரும்பாலானோர் அவற்றைப் பூட்டியும் வைக்கவில்லை. குப்பியின் மூடி குழந்தைகள் திறக்க இயலாதபடி செய்யப்பட்டது என்று நம்பாதீர்கள். மூட்டுவலிக்காரப் பாட்டிகள் அதைச் சரியாக மூடுவதே இல்லை.

இந்த மாநிலத்தில் பல காவல் நிலையங்களில் மருந்து போடும் பெட்டிகள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும், பெயரோ காரணமோ கேட்காமல் பெற்றுக்கொள்வார்கள். பெரிய மருந்துக் கடைகள் பலவற்றிலும் இத்தகைய பெட்டிகள் உண்டு. போதைப்பொருள் தடுப்புத் துறை ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு சனிக்கிழமை நாடெங்கும் திரும்பப் பெறும் நாள் நடத்துகிறது. அதுவரை காத்திருப்பதற்கு நான் உடன்படமாட்டேன். பெட்டிக்குப் போக வழியே இல்லையென்றால், ஆக்சிகோடோனைப் பொறுத்தவரை கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டுவிடலாம். குப்பியைத் தூக்கி எறியுமுன் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

கழிப்பறையில் கொட்டச் சொல்வது பொறுப்பான ஆலோசனையா? ஆற்று நீரில் மருந்துகள் கலந்திருப்பதைப் பற்றி எவ்வளவோ படிக்கிறோம். காபித் தூளில் கலந்து குப்பையில் போடுவதுதான் முறை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கடைக்காரத் தமிழன் எழுதியது:

இரத்த அழுத்த மாத்திரைக்கும் கொழுப்பு மாத்திரைக்கும் நீங்கள் சொல்வதே முறை: நசுக்காமல், பயன்படுத்திய காபித் தூளிலோ மண்ணிலோ கலந்து, உறையில் மூடிக் குப்பையில் போடலாம். கழிப்பறையில் கொட்டலாம் என்று உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் பட்டியல் மிகச் சிறியது. தெரியாமல் விழுங்கினால் ஒரு தடவையிலேயே உயிர் போகக்கூடிய மருந்துகள்தான் அதில் உள்ளன, ஆக்சிகோடோனும் அவற்றில் ஒன்று. நீரில் கலப்பதால் வரும் கேட்டைவிட, வீட்டில் கிடப்பதால் வரும் மரணம் பெரிது என்று எடை போட்டே அதை வைத்திருக்கிறார்கள். பெட்டி கிடைக்கும் இடத்தில் பெட்டியே முதல் வழி என்பதில் உங்களோடு எனக்கு வேறுபாடு இல்லை.

கோவை மயக்கவியலர் எழுதியது:

கும்பகோணத்து மாமாவைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே எழுதுகிறேன். ஆக்சிகோடோன் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அடுத்தவர் பெயர்ச்சீட்டு ஒட்டிய குப்பியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருபவர் விமான நிலையத்தில் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை. அக்காவின் அன்பு அந்த உறவினரைச் சிறையில் தள்ளக் கூடும் என்று உங்கள் தாயாரிடம் சொல்லுங்கள். வேறு எந்த விளக்கத்தையும்விட அது விரைவில் புரியும். மாமாவின் பழைய இடுப்பு வலிக்கு அது ஏற்ற மருந்தும் அன்று.

எங்கள் ஊரிலும் நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கும் இந்தக் கல்வி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே அறுவை சிகிச்சைக்குப் பின் பரவலாக எழுதப்படும் ஓபியாய்டு டிரமடால். 2018 ஏப்ரலில் அதுவும் மேற்படிச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. ஆயினும் வீடுகளில் அது வெறும் "வலி மாத்திரை"தான். டிரமடாலோடு பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காய்ச்சல் அடித்தால் தனியாக இன்னொரு பாராசிட்டமால் 650-ஐயும் போடுபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். திரும்பப் பெறும் ஏற்பாடும் அரிது. கேரளம் 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய திட்டத்தைப் போல இங்கும் வந்தால் நல்லது.

எடிசன்வாசி எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். செவிலி அம்மையார் அஞ்சியது சரியாகவே இருந்தது: அம்மாவின் பெட்டியில் பாதி தீர்ந்த அல்பிரசோலம் அட்டை ஒன்று கிடைத்தது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் போடுவாராம். மருத்துவர் அலுவலகத்தில் தெரிவித்தோம். ஆக்சிகோடோன் எடுத்து முடிக்கும் வரை அதைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடமே மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழில் சொன்னார்கள்.

அந்தத் தொலைபேசி உரையாடல் முப்பது நிமிடங்கள் நடந்தது. அம்மா என்னை அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் திருநெல்வேலிக்காரராம், அதனால் பேச்சு ஊர்க்கதையிலும் கொஞ்சம் போயிருக்கிறது. முழங்காலில் கோடாலித் தைலம் தடவலாமா என்று கேட்டு, தையல் ஆறும்வரை கூடாது என்ற பதிலையும் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் நாட்காட்டித் தாளில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கோடு போட்டார். முதலில் போட்ட இரண்டையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று கோடுகள். கடைசிக் கோடு விழுந்து நான்கு நாட்கள் ஆகின்றன, கால் தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்குகிறது. மிச்சம் பதினேழு. சனிக்கிழமை காவல் நிலையத்துப் பெட்டிக்கு நான் எடுத்துப் போவதாக இருந்தேன். தானும் நடைக்குச்சியோடு வந்து, தன் கையால்தான் போடுவேன் என்கிறார். மாமாவுக்கு என்ன அனுப்புவது என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு இடுப்புப் பட்டை ஒன்று என்று முடிவாகியிருக்கிறது.