தாத்தாவோட .410 துப்பாக்கி, ஆனா பார்க்க .303 ராணுவ ரைபிள் மாதிரி இருக்கு. லைசென்ஸை என் பெயருக்கு மாற்றலாமா?

நாகலூர்_தோட்டம்:
ஏற்காட்டுல காபி எஸ்டேட். தாத்தா போன மாசம் தவறிட்டார். லைசென்ஸ்ல ".410 ஒற்றைக்குழல்"னு மட்டும் இருக்கு. போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால இழுத்துத் தள்ளுறது), மூக்கு வரைக்கும் மரம், மேகசினுக்குள்ள (தோட்டா அடுக்குற பெட்டி) மரக்கட்டை, பட் (தோள்ல வைக்கிற பின்மரம்) பக்கத்துல இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை முத்திரை. குழலுக்குள்ள வரி (சுருள் பள்ளம்) இல்ல. கடை .410 தோட்டா போடுமா? மேல்மரத்து ஓரமா துரு வேற தெரியுது.

பழைய_போல்ட்:
அது ஷாட்கன் இல்லைங்க, மஸ்கட். சிறைக்காவல், போலீஸுக்காக இஷாப்பூர்ல .303 லீ என்ஃபீல்டை வரியில்லாத குழலா மாத்தினது. கட்டை வச்சதே ஒரு குண்டுக்கு மேல போடக்கூடாதுன்னுதான். இதோட தோட்டா, கழுத்து சுருக்காத .303 கேஸ் (தோட்டாவோட உலோகக் கூடு), அடிப்பக்கம் சுமார் 11.7 மிமீ. கடை .410 அங்க 12.1 மிமீக்கு மேல. உள்ள போகாது. சுலபமா போச்சுன்னா யாரோ சேம்பரை (குழல்ல தோட்டா உட்காருற அறை) குடைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். வெர்னியர் அளவுகோல் வச்சு சேம்பர் வாயை அளந்தா போதும், தோட்டாவைத் திணிச்சுப் பார்க்காதீங்க.

மரவனேரி_வக்கீல்:
நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான். வரியில்லைன்னதும் சாதாரண துப்பாக்கின்னு நினைச்சுடுவாங்க. ஆயுத விதிகளோட முதல் அட்டவணையில .410 மஸ்கட், .303, 7.62 எல்லாம் ஒரே வகை, தடைசெய்யப்பட்ட போர் (bore, குழல் அளவு). .410 மஸ்கட் தோட்டாவைச் சுடக்கூடிய வேற போரும் அதுலயே வரும். அதனால சேம்பரைக் குடைஞ்சிருந்தாலும் தப்பிக்க முடியாது. பெரிய சேம்பர்ல சின்ன கேஸ் தாராளமா போகுமே. இதுக்கு லைசென்ஸ் கொடுக்குறது மத்திய உள்துறை அமைச்சகம், கலெக்டர் இல்ல.

வாரிசா இருந்தாலும் லைசென்ஸ் இல்லாம வீட்டுல வச்சிருக்கக்கூடாது. பிரிவு 21 படி தாமதமில்லாம ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக்கடையிலயோ ஒப்படைங்க. சீரியல் நம்பர் போட்ட ரசீது முக்கியம். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட ஆட்சேபணையின்மைக் கடிதம் எல்லாம் சேர்த்து கலெக்டர் ஆபீஸ் மூலமா அமைச்சகத்துக்கு மனு. சேலம் மாநகர எல்லைன்னா கமிஷனர் ஆபீஸ், ஏற்காடு அதுல வராது. மனுவுல "மஸ்கட்"னு எழுதுங்க. பழைய லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்து "ஒற்றைக்குழல்"னே எழுதினா ஆய்வுல சிக்கும்.

நாகலூர்_தோட்டம்:
நாளைக்கே ஒப்படைச்சுடறேன் சார். அதுக்கு முன்னாடி துருவை மட்டும் சுத்தம் பண்ணிடவா?

பழைய_போல்ட்:
வேண்டாம், கடைக்காரர்கிட்டயே சொல்லுங்க. அவர்கிட்ட ஒரு விஷயம் மறக்காம சொல்லணும்: முன்மரத்தைக் கழட்டாம பட் மரத்தைக் கழட்டக்கூடாது. பட் மரத்தைப் பிடிச்சிருக்கிற நீள போல்ட்டோட சதுர முனை முன்மரத்துல இருக்கிற தகட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கும். அதை முதல்ல திருகினா மரம் பிளக்கும், அந்த மரம் இனி கிடைக்காது. நோஸ் கேப் (குழல் நுனி மூடி), வளையங்கள், டிரிக்கர் கார்டு முன் ஸ்க்ரூ, இப்படி வரிசையா முன்மரத்தை எடுத்துட்டுத்தான் பட்.

மலைமேல பனிமூட்டம், ஈரம் மரத்துக்கும் குழலுக்கும் நடுவுல நிக்கும், அதான் துரு அங்கிருந்து ஆரம்பிக்குது. பழைய தோட்டாவோட பிரைமர் (பற்றவைக்கிற மருந்து) விட்டுட்டுப் போற உப்பு ஈரத்தை இழுக்கும், எண்ணெய்க்குக் கரையாது. குழலுக்கு முதல்ல கொதிதண்ணி, நல்லா காயவச்சு அப்புறம் எண்ணெய். வெல்வெட் உறையில மட்டும் போட்டுடாதீங்க.