இழை: காலில் ‘க்ரானிக் வீனஸ் அப்ஸ்ட்ரக்ஷன்’ – தமிழில் என்ன?

காட்பாடி:
வணக்கம். செவிலியர் மாணவிகளும் நோயாளிகளும் படிக்க ஒரு கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ரத்தம் உறைந்து மாதக்கணக்கில் வீக்கம் வடியாமல், புண் ஆறாமல் கிடக்கும் கால்களுக்கு, இடுப்புக்குள் போகும் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயில்) ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாய் வைத்துப் பார்க்கும் ஆய்வுகள் பற்றியது. ‘நாட்பட்ட சிரையடைப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ராணிப்பேட்டை:
சிரை வடசொல், தமனியும் அப்படியே. இலங்கைப் பாடநூல்களில் நாளம், நாடி என்றே எழுதுகிறார்கள். அதை எடுங்கள், அம்மா.

குடியாத்தம்:
நாளமும் நாடியும் வடமொழி அகராதியிலும் இருக்கின்றன, ஐயா. எங்கள் ஊரில் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பார்கள். வழக்கு பழையதுதான்: புறநானூறு 278இல் ‘நரம்பெழுந்து உலறிய’ தோள் என்பது ரத்தக் குழாய் புடைத்த தோள்தானே? ‘நரம்புத்தடை’ என்றால் நோயாளிக்கு உடனே புரியும்.

காட்பாடி:
புரியும், ஆனால் தப்பாக. நரம்பு என்று சீட்டில் எழுதினால் நரம்பியல் பிரிவு வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வேண்டாம் ஐயா.

ஆற்காடு:
முப்பது வருடம் மருத்துவம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சிக்கல் ‘சிரை’யில் இல்லை, ‘அடைப்பு’ என்பதில்தான். மே, தர்னர் என்ற இரு மருத்துவர்கள் 1957இல் விவரித்த நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் குறுக்கே ஓடி, அதை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. உள்ளே எதுவும் அடைத்திருக்க வேண்டியதில்லை. உறைகட்டி வந்து போன சிரையிலும் நாளடைவில் மிஞ்சுவது தழும்பும் நார்ப்பின்னலும்தான். ‘அடைப்பு’ என்று படித்தவர் மருந்து கொடுத்துக் கரைத்துவிடுங்கள் என்றுதான் கேட்பார். கரைப்பது புது உறைகட்டிக்கு. அங்கேயும், அமெரிக்காவில் 692 பேரிடம் நடந்து 2017இல் வெளியான அட்ராக்ட் ஆய்வில், குழாய் செலுத்திக் கரைத்ததால் பிற்காலக் கால் தொல்லை மொத்தத்தில் குறையவில்லை, ரத்தக் கசிவுதான் கூடியது. அடுத்து வந்த சி-ட்ராக்ட், தொல்லை ஏற்கெனவே நிலைத்துவிட்டவர்களுக்கு ஸ்டென்ட் உதவுமா என்று பார்க்கப் புறப்பட்டது. உங்கள் கையேடு இந்த இரண்டாம் கூட்டத்துக்குத்தானே? உள்ளிருந்தாலும் வெளியிலிருந்து நெருக்கினாலும் பொருந்துவது ‘தடை’.

ராணிப்பேட்டை:
தடை சரி. சிரைக்கு ஒரு நல்ல தமிழ் தருகிறேன். கால்வாய், வாய்க்கால், மதகுக்கால் எல்லாவற்றிலும் ‘கால்’ நீரோடும் வழி. இதயத்துக்கு ரத்தத்தை மீட்டுக்கொண்டு வருவதால் ‘மீள்கால்’. தமனிக்குச் ‘செல்கால்’. இரட்டைச் சொற்களாக அமைவதால் பாடத்துக்கும் உதவும். நாகரிகம் அறிந்த காலத்திலிருந்து ஏரியும் காலும் வெட்டிய நாட்டில் இது யாருக்கு அந்நியம்?

குடியாத்தம்:
அழகான சொல், ஐயா. ஆனால் ‘காலின் மீள்காலில் தடை’ என்று படித்தால் எந்தக் கால் என்று கேட்பார்களே.

காட்பாடி:
மூன்று பேரும் ‘தடை’ பக்கம் வந்துவிட்டீர்கள். ‘நாட்பட்ட சிரைத்தடை’ என்று தலைப்பிட்டு, முதல் வரியில் ‘கால் ரத்தம் மேலேறும் குழாயில் நெடுநாளாக உள்ள தடை’ என்று விளக்கிவிடுகிறேன். ‘தீராத’ என்று எழுத மாட்டேன், படிப்பவர் பயந்துவிடுவார். ஸ்டென்ட் ஸ்டென்டாகவே இருக்கட்டும்.

ராணிப்பேட்டை:
அச்சடியுங்கள், அம்மா. நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள். ‘செல்கால், மீள்கால்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன். ஸ்டென்டுக்கு ‘வலைக்குழல்’ என்பதையும் அங்கே பேசுவோம்.