தடுமாறும் இளம் வீரரை மேனேஜர் அணியில் வைத்திருக்க வேண்டுமா?

வலக்களம் (கேள்வி):
வட அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் பெரும் எதிர்பார்ப்போடு நுழையும் இளம் மட்டையாளர் முதல் சில வாரங்களில் தடுமாறினால், மேனேஜர் (களத்தில் அணியை வழிநடத்தும் தலைமைப் பயிற்சியாளர்) அவரை அணியில் வைத்தே தேற்றுவது நல்லதா, கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கிற்குத் திருப்பி அனுப்புவது நல்லதா? 1951-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் முதல் வழியையும் யாங்கீஸ் இரண்டாம் வழியையும் பின்பற்றின. இரண்டுமே பலன் தந்ததால் இதற்குப் பொதுவிதி உண்டா என்ற ஐயம் எழுகிறது.

பழையமட்டை:
மைனர் லீக் அணியான மினியாபொலிஸில் .477 சராசரி (நூறு முறைக்கு ஏறத்தாழ 48 ஹிட்) வைத்திருந்த வில்லி மேஸ், ஜயன்ட்ஸுக்கு வந்து முதல் 26 முறை மட்டை பிடித்ததில் ஒரே ஒரு ஹிட்தான் (பந்தை அடித்து ஆட்டமிழக்காமல் தளத்தை அடைவது) அடித்தார். அது வாரன் ஸ்பான் வீசிய பந்தில் அடித்த ஹோம் ரன். தம்மைத் திருப்பி அனுப்பிவிடும்படி அழுத 20 வயது இளைஞரிடம், தாம் மேனேஜராக இருக்கும்வரை சென்டர் ஃபீல்டர் (வெளிக்களத்தின் நடுவில் நிற்பவர்) அவர்தான் என்று லியோ டுரோஷர் உறுதியளித்தார். வாய்த்துடுக்குக்குப் பேர்போன டுரோஷரா இப்படி நடந்துகொண்டார் என்று வியப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: ஹிட் விழாத நாளிலும் மேஸின் ஃபீல்டிங் அணிக்குப் பயன்பட்டது. யாங்கீஸின் மிக்கி மேன்ட்டிலின் நிலை வேறு. ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவராக) இருந்து அப்போதுதான் வெளிக்களத்தின் வலப்புறத்திற்கு மாறியிருந்தார், சென்டரில் நட்சத்திர வீரர் டிமாஜியோ நின்றார், ஸ்ட்ரைக்அவுட்டுகளும் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) மிகுந்தன. ஜூலையில் யாங்கீஸ் மேனேஜர் கேசி ஸ்டெங்கல் அவரை மைனர் லீக் அணியான கேன்சஸ் சிட்டிக்கு அனுப்பினார், ஆகஸ்டில் திரும்ப அழைத்தார். ஆகவே ஹிட் வராத நாட்களில் வீரர் வேறு எதைத் தருகிறார் என்பதையே மேனேஜர் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வெளிக்களம்:
தடுமாற்றத்தையும் அலட்சியத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 1998-இல் உயரே எழுந்த பந்தை நோக்கி அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ஆண்ட்ரூ ஜோன்ஸ் மெத்தனமாக நடந்துவந்து அதைத் தரையில் விழவிட்டபோது, பொதுவாகப் பொறுமைசாலியான மேனேஜர் பாபி காக்ஸ் இன்னிங்ஸின் நடுவிலேயே, அனைவரும் பார்க்க, அவரை வெளியேற்றினார். தனியறையில் சொல்லியிருக்கலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் மற்ற வீரர்களும் அந்த நடையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜோன்ஸ் அந்த ஆண்டு முதல் 2007 வரை தொடர்ந்து 10 முறை, சிறந்த ஃபீல்டிங்கிற்கான கோல்டு குளோவ் விருதைப் பெற்றார்.

இடக்கைவீச்சு:
இருவரும் மேனேஜரின் கையில் முழு அதிகாரம் இருந்தது போலப் பேசுகிறீர்கள். 2012-இல் முழங்கை அறுவைக்குப் பின் மீண்டு வந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் பிட்சர் (பந்து வீச்சாளர்) ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்கை அந்தப் பருவத்தில் 159⅓ இன்னிங்ஸோடு நிறுத்தும் முடிவை எடுத்தவர், மேனேஜருக்கும் மேலே இருந்து அணியை நிர்வகிக்கும் பொது மேலாளர் மைக் ரிசோ. மேனேஜர் டேவி ஜான்சன் தம் முதன்மைப் பிட்சர் இல்லாமலேயே பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃபில் ஆடித் தோற்றார். 2015 பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்த கிரிஸ் பிரையன்ட்டைச் சிகாகோ கப்ஸ் நிர்வாகம் ஏப்ரல் 17 அன்றுதான் அழைத்தது. ஓராண்டுப் பணிக்காலமாகக் கணக்கிட 172 நாட்கள் தேவை. அவருக்கு ஒரு நாள் குறைந்தது, அதனால் விருப்பமான அணிக்குச் செல்லும் உரிமை அவருக்குத் தள்ளிப்போய், அவரை அணி மேலும் ஓராண்டு தன்வசம் வைத்திருக்க முடிந்தது. கிட்டத்தட்ட அந்த இரண்டு வாரமும் மேனேஜர் ஜோ மேடன், கைவசம் இருந்தவர்களைக் கொண்டே, பிரையன்ட் நிற்க வேண்டிய மூன்றாம் தளத்தைச் சமாளித்தார்.