முள்ளும் மலரும் மறுபடி பாத்து நண்பனோட சண்டை, நீங்க காளி பக்கமா இஞ்சினியர் பக்கமா?

மலைரயில்:
வணக்கம் மக்களே. நானும் ஸ்கூல்ல கூட படிச்சவனும் நாலு மாசமா சனிக்கிழமை ராத்திரி ஒரு பழைய படம்னு வச்சிருக்கோம். நான் கோயமுத்தூர், அவன் ஷார்ஜா, இங்க பத்தரைன்னா அங்க ஒம்போது, ஃபோன ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஒன் டூ த்ரீ சொல்லி ரெண்டு பேரும் ஒண்ணா ப்ளே அமுக்குவோம், அப்படியும் அவனுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடியே ஓடும், காமெடி சீன் எனக்கு வர்றதுக்குள்ள அவன் சிரிச்சு முடிச்சிருப்பான்.

போன வாரம் முள்ளும் மலரும். சின்ன வயசுல தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை பாத்தது, அப்பல்லாம் எனக்கு ரஜினி பண்ண காளின்னா உசுரு, இஞ்சினியரா வர்ற சரத்பாபுதான் வில்லன்னே நெனச்சிட்டு இருந்தேன். இப்ப பாத்தா அந்த மனுசன் என்னங்க தப்பு பண்ணாரு? மலைமேல ஆள ஏத்தி எறக்கற விஞ்ச்ச ஓட்டறவன், அத விட்டுட்டு போனவன பத்து நாள் சஸ்பெண்ட் பண்ணாரு, அவ்ளோதான. நான் மில்லுல சூப்பர்வைசர், நைட் ஷிஃப்ட்ல ஒருத்தன் மெஷின விட்டுட்டு ஆத்தங்கரைக்கு போனா நானும் அதத்தான் செய்வேன். இத சொன்னதும் "நீ மேனேஜ்மெண்ட் ஆளாவே மாறிட்டடா"ன்னு கட் பண்ணிட்டான். அஞ்சு நாளாச்சு, மெசேஜுக்கு ப்ளூ டிக் மட்டும் விழுது.

நீங்க சொல்லுங்க யார் பக்கம்? அப்படியே அடுத்து என்ன படம் போடலாம்னும் சொல்லுங்க, அவன் திரும்பி வந்தா.

டெண்டுகொட்டாய்:
உங்க ஃப்ரெண்டுக்குத்தான் என் ஓட்டு பாஸ். சஸ்பென்ஷன மட்டும் பாத்தா இஞ்சினியர் கரெக்ட்தான், ஆனா அந்த கோவத்துல குடிச்சிட்டு ரோட்ல விழுந்து கெடந்தவன் கைமேல லாரி ஏறுது, கை போனவனுக்கு அப்புறம் வேலையும் போகுது. காளிகிட்ட இருந்ததே ரெண்டுதான், அந்த விஞ்ச்சும் தங்கச்சியும். மொதல்ல ஒண்ண புடுங்கிட்டு பின்னாடியே வந்து தங்கச்சிய கட்டிக்கறேன், இன்னொண்ணையும் குடுங்கன்னா எவன் குடுப்பான்?

அந்த க்ளைமாக்ஸ மறுபடி பாருங்க. தங்கச்சிய அனுப்பி வைக்கறான், ஆனா இப்பக்கூட உங்கள எனக்கு புடிக்கல சார்னு மூஞ்சிக்கு நேரா சொல்றான். வேற டைரக்டரா இருந்தா கட்டிப்புடிச்சு அழ விட்டிருப்பாங்க. மகேந்திரனுக்கு அது டைரக்டரா மொத படம் வேற, அந்த தைரியம் எங்க இருந்து வந்துச்சோ.

கீதா_திருச்சி:
ரெண்டு ஆம்பளைங்க யார் பக்கம்னு சண்டை போட்டு அஞ்சு நாள் பேசாம இருக்கீங்க, அந்த தங்கச்சி வள்ளி என்ன நெனச்சான்னு ஒரு வரி வரல பாருங்க 😄 காளிக்கு தங்கச்சி மேல பாசம் இல்லன்னு சொல்லல, ஆனா இஞ்சினியர் மேல இருக்கற கோவத்துல வேற ஒருத்தனுக்கு கட்டி வைக்க பாக்கறானே, அத எந்த கணக்குல சேப்பீங்க.

எனக்கு இந்த தடவ காளியோட பொண்டாட்டி மங்காதான் புதுசா தெரிஞ்சா. சோத்துக்கு அலையற பொண்ணுன்னு முன்னாடி சிரிச்சிட்டு விட்டுட்டேன், ஆனா புருஷன எதுத்து வள்ளிக்காக நிக்கறது அவதான். நானும் என் ஹாஸ்டல் ஃப்ரெண்டும் பாக்கும்போது நித்தம் நித்தம் நெல்லு சோறு பாட்டுல பாஸ் பண்ணிட்டு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு பழைய சோறும் நேத்தைய மீன் குழம்பும் எடுத்து உக்காந்து, மிச்ச படம் மறுநாள்தான் பாத்தோம். வாணி ஜெயராம் குரல்ல அந்த பாட்ட கேட்டா வயிறு சும்மா இருக்குமா.

ஊமைவிழி77:
சண்டைக்குள்ள நான் வரல, அடுத்த படம் மட்டும் சொல்றேன். அந்த நாள் போடுங்க, 1954, ஏவிஎம், வீணை எஸ்.பாலசந்தர் டைரக்ஷன். பாட்டே கிடையாது, அந்த காலத்துல! ஆரம்பத்துலயே சிவாஜிய சுட்டுடறாங்க, 1943ல மெட்ராஸ்ல ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்துல நடக்கற கதை. சி.ஐ.டியா வர்ற ஜாவர் சீதாராமன் ஒவ்வொருத்தரா விசாரிப்பாரு, ஒவ்வொருத்தர் சொல்லி முடிச்சதும் பாஸ் போட்டு யார் சுட்டிருப்பான்னு ரெண்டு பேரும் ஒரு பேர எழுதி வச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, நெட்ல கெடைக்கற பழைய படம் நெறைய அகலத் திரைக்காக மேலயும் கீழயும் வெட்டினதா இருக்கும், தலை பாதி காணோம்னா வேற ப்ரிண்ட் தேடுங்க.

மலைரயில்:
கீதா மேடம், உங்க பதில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல கால் வந்துடுச்சு, "மங்காவ நாம ரெண்டு பேருமே கண்டுக்கலடா"ன்னான். காளி விஷயத்துல மட்டும் எறங்கி வரல, நானும்தான்.

சனிக்கிழமை அந்த நாள்னு முடிவாச்சு. பேர் எழுதி வைக்கற ஐடியாவ சொன்னேன், "எதுக்குடா எழுதணும்"னு சுட்டது யாருன்னு ஃபோன்லயே சொல்லிட்டான் படுபாவி.