சென்டர் கன்சோல் போட் பார்க்கப் போனவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வெட்டூர்ணிமடம்வாசி:

போட் இன்னும் வாங்கவில்லை. பார்த்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு காட்சி மட்டும் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தோஹாவில் இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் நண்பர்களோடு, நடுவில் ஸ்டியரிங் மேடை இருக்கிற 31 அடி சென்டர் கன்சோல் போட்டில் தூண்டில் போடப் போவேன். ஊருக்கு வந்தும் ஆசை அடங்கவில்லை. கொச்சியில் ஒருவரிடம் 24 அடி போட், 250 குதிரைத்திறன் ஒற்றை எஞ்சின், பழையது. காயலில் ஓட்டிக் காட்டினார். 38 நாட் (மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர்) போனது, டீ கிளாஸ் அசையவில்லை. கடலில் பார்க்காமல் பணம் தரமாட்டேன் என்றேன். மனிதர் டிரெய்லரில் முட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

பதினோரு வயது மகனையும் ஏற்றிக்கொண்டேன். கடியபட்டணத்தில் சூரை மீனுக்குப் போகிற நண்பர் ஒருவரும் வந்தார். போகும்போது கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. மூன்று மணிக்கு மேல் கச்சான் காற்று கிளம்பியது. திரும்பி வரும்போது அலையெல்லாம் குட்டை, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. விற்பவர் வேகத்தைக் குறைக்கவில்லை, 25 நாட் இருக்கும். மூன்றாவது அலையா நான்காவதா தெரியாது, போட் எழும்பியது. திரும்பி மகனைப் பார்த்தேன். கன்சோல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான், அவன் காலுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் கிடந்த ஐஸ்பெட்டி தெரிந்தது.

அப்புறம்தான் அடித்தது. நாக்கைக் கடித்துவிட்டான், வாயெல்லாம் ரத்தம். கடியபட்டணத்துக்காரர் ஒன்றும் பேசவில்லை. முன்னால் வந்து தன் கையாலேயே திராட்டிலை இழுத்துக் குறைத்தார். முட்டம் கலங்கரை விளக்கு பக்கத்தில் வரும்வரை கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டில் முறுக்கு கடித்தபோது பட்டது என்று சொல்லியிருக்கிறோம்.

பின்பக்க டெட்ரைஸ், அதாவது போட்டின் அடி வி மாதிரி சாய்ந்திருக்கிற கோணம், 16 டிகிரி. தப்பான போட்டைப் பார்த்தேனா, இல்லை ஓட்டியது தப்பா?

குளச்சல்மீன்பிரியன்:

அண்ணே, 16 டிகிரியைத் திட்டாதீர்கள். ஓட்டியவரைத் திட்டுங்கள். குட்டை அலையில் 25 நாட் போனால் எதுவும் அடிக்கும்.

ஆழமான வி வேண்டும் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம், அமெரிக்காவில் ரேமண்ட் ஹன்ட் வரைந்த மாப்பி என்கிற படகு. 1960 மயாமி-நசாவ் பந்தயத்தில் முதலாவதாக வந்தது, டெட்ரைஸ் 24 டிகிரி. கூரான அடி அலையை வெட்டிக்கொண்டு போகும், மறுக்கவில்லை. ஆனால் அதே அடி நின்ற இடத்தில் தொட்டில் மாதிரி ஆடும். நாம் என்ன பந்தயத்துக்கா போகிறோம்? பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கலவாய் மீனுக்குத் தூண்டில் போடுகிறோம். 24 டிகிரியில் காலையில் தின்ற புட்டு கடலுக்குத்தான். ஓடும்போது அடிக்காமல் இருக்க ஒரு விலை, நிற்கும்போது ஆடாமல் இருக்க ஒரு விலை. 20, 21 டிகிரி பாருங்கள்.

என் கதை வேறு. தனியாகப் போயிருந்தேன். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தொப்பியை எடுக்கக் குனிந்தேன், பக்கவாட்டு அலை ஒன்று தட்டியது, தண்ணீரில் கிடக்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் இல்லாத போட் நேராகப் போகாது, புரொப்பல்லரின் இழுப்பில் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பிவிடும். அப்படியே வட்டமடித்து என்னைப் பார்த்து வந்தது. முதல் வட்டம் இருபது அடி தள்ளிப் போனது. இரண்டாவது இன்னும் பக்கத்தில். கடந்து போகும்போது டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு நாடா தொங்குவதைப் பார்த்தேன், கில் சுவிட்ச் நாடா. உடம்பில் மாட்டியிருந்தால், ஆள் விழுந்ததும் இழுபட்டு எஞ்சினை நிறுத்துவது அதுதான். கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

சாளை வலைக்கு வந்த வள்ளத்துக்காரர் ஒருவர் போட் வரும் பாதையில் பழைய கயிற்றை வீசினார். புரொப்பல்லரில் சுற்றி எஞ்சின் நின்றது. அவர் கேட்ட ஒரே கேள்வி, "கயித்துக்குக் காசு தருவீரா?"

அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த போட்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் நாடாவை மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

தேங்காய்ப்பட்டணம்85:

டிகிரிக் கணக்கெல்லாம் ஆழ்கடலுக்கு. எங்கள் பொழியில் அது உதவாது. முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கும்போது அலை எப்படி மடிந்து விழும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, எத்தனை பேரைக் கொடுத்திருக்கிறோம்.

உறவினர் ஒருவர் வாங்கிய 22 அடி. தளத்தில் விழுகிற தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும் என்று விற்றவர் பத்து தடவை சொன்னாராம். நாங்கள் ஆறு பேர். அதில் நாலு பேர் அமரத்தில், எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டு வந்தோம். பொழிக்கு வெளியே அலை பார்த்து வேகத்தைக் குறைத்தோம். அப்போது என் செருப்பு முன்பக்கமாக மிதந்து போனது. பின்னாலிருந்து முன்னால். தண்ணீர் வெளியே போக வைத்த ஓட்டை வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்பாரத்தில் ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது.

முன்னால், அணியத்துக்கு ஓடுங்கள் என்று யாரோ கத்தினார்கள், ஓடினோம், பின்பக்கம் எழும்பியது. நின்றபடி பேசிக்கொண்டே உள்ளே போயிருந்தால், பின்னால் வந்த அலை ஏறியிருக்கும்.

போட் பார்க்கப் போகிறவர்கள் நாலு பேரைக் கூட்டிப்போய்ப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். விற்பவர் ஒரு ஆளோடு ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள்.

மார்த்தாண்டம்மெக்கானிக்கல்:

என் அனுபவம் சின்னது. கன்னியாகுமரிக்குத் தெற்கே, வள்ளுவர் சிலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. பாறைக்குப் போகிற சுற்றுலாப் படகு கடந்து போனது. நாங்கள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினோம். அவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் திருப்பி ஆட்டினார்கள். ஒரு குழந்தை பறக்கும் முத்தம் கொடுத்தது. அரை மணி நேரம் கழித்து ஒரு வள்ளம் கட்டி இழுத்தது.

கரைக்கு வந்து பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்தால் இரண்டு அடுக்கு. மேலே பெட்ரோல், கீழே தண்ணீரும் எத்தனாலும். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்து அதன் வழியாகக் கடல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கும், எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஔட்போர்டு (போட்டின் பின்னால் வெளியே மாட்டுகிற எஞ்சின்) கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் சம்மதிக்கின்றன. அதனால் வாங்குகிற எஞ்சினின் கையேட்டை முதலில் படியுங்கள். தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் இல்லாத போட்டில் ஏறவே ஏறாதீர்கள். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைக் கிடத்தாதீர்கள்.

வெட்டூர்ணிமடம்வாசிக்கு இன்னும் கொஞ்சம். காயலில் கிடந்த போட் என்றால் அனோடைப் பாருங்கள், எஞ்சின் அரிக்காமல் இருக்கத் தான் கரைகிற உலோகத் துண்டு அது. மக்னீசியம் நன்னீருக்கானது, உப்பில் சீக்கிரம் கரைந்துவிடும். துத்தநாகமோ அலுமினியமோ இருக்க வேண்டும். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் கை வைத்து அமுக்குங்கள், எஞ்சின் மாட்டியிருக்கிற பின்பலகை நெளிந்தால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. சுத்தியல் பிடியால் தட்டுங்கள், மந்தமான சத்தம் வந்தால் அங்கேயும் அதே கதை. முழு ஆட்கள், முழு டேங்கோடு திராட்டிலை முழுக்கத் தள்ளி ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். கையேட்டில் 5,000 முதல் 6,000 என்று இருந்து இவர் 4,600-இல் நின்றால் புரொப்பல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் 150, 200 ஏறும். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடவே கூடாது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கழுவ வேண்டும், நம் ஊரில் யாரும் கழுவுவதில்லை...

குளச்சல்மீன்பிரியன்:

ஐயா, நாங்கள் கழுவுகிறோம்.

மணக்குடிப்பெண்:

எல்லோரும் ஓடும் கதையே சொல்கிறீர்கள், நிற்கும் கதையை யாராவது சொன்னீர்களா?

போன வருடம் எங்கள் கரைக்கு ஒரு வெள்ளைப் போட் வந்தது. ஏதோ கோளாறு, சரிபார்க்கக் கரையேற்றுகிறேன் என்று மணலில் முட்டினார் ஓட்டியவர். எங்கள் வள்ளம் என்றால் அடி தட்டை, ஆட்கள் சேர்ந்து தள்ளினால் மேட்டுக்கு ஏறி உட்கார்ந்துவிடும். இது அடி கூர். அலை இறங்கியதும் மெதுவாகச் சாய்ந்தது, சாய்ந்து படுத்தது. கன்சோலில் இருந்த கண்ணாடிப் பெட்டி, தண்ணீர் பாட்டில், தொப்பி எல்லாம் ஒரு பக்கமாக வழிந்தன. என் அம்மா பார்த்துவிட்டு, "பெத்த மாடு மாதிரி கிடக்கே பாவம்" என்றார். இருபத்திரண்டு பேர் பிடித்தும் அசையவில்லை. அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்தோம். அந்த ஆறு மணி நேரமும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் அவர் இருந்தார். மூன்று தடவை டீ. ஒரு தடவைகூட என் தம்பியிடம் கடலைப் பற்றிக் கேட்கவில்லை, இன்வர்ட்டர் விலையைக் கேட்டார்.

எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? துறைமுகம் என்றால் தடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஜூன் 1 முதல் ஜூலை 31. அந்த நாட்களில் விசைப்படகுகள் அடுக்கி நிற்கும். நடுவில் உங்கள் கண்ணாடியிழைப் போட்டுக்கு இடம் விடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் போட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்பது வேகம் இல்லை, கவிழ்ந்தால் மிதக்குமா என்பது. தளத்துக்குக் கீழே மிதக்க வைக்கிற ஃபோம் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

தேங்காய்ப்பட்டணம்85:

அக்கா, கேட்டோம். இருக்கிறது என்றார். ஒரு மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் ஸ்க்ரூடிரைவர் இல்லை என்றார்.

வெட்டூர்ணிமடம்வாசி:

மெக்கானிக்கல் ஐயா, அவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டேன். குளச்சல் அண்ணே, நீங்கள் சொன்ன 20 டிகிரிக்கு இந்த விலையில் எதுவும் இல்லை, தேடியாயிற்று. மணக்குடி அக்கா கேள்விக்குப் பதில் இல்லை. டிரெய்லரில் வீட்டு முன்னால் நிறுத்தலாம் என்றிருந்தேன், வெட்டூர்ணிமடத்தில் எங்கள் தெருவில் ஆட்டோ திரும்பவே இடமில்லை.

நேற்று கடியபட்டணத்துக்காரரைப் பார்த்தேன். அன்று ஏன் ஒன்றும் பேசவில்லை என்று கேட்டேன். "பேசினா அவரு நின்னு பதில் சொல்லுவாரு, அதுக்குள்ள இன்னொரு அலை வரும்" என்றார்.

விற்பவர் இன்று காலையும் அழைத்தார். பின்பக்க அடியில் டிரிம் டேப் என்கிற தகடுகள் போட்டுத் தருகிறாராம், அணியம் கீழே இருக்கும், அடிக்காதாம். இன்னொரு முறை கடலில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன், பிற்பகல் மூன்று மணிக்குமேல். நாலு பேர் வருகிறோம், அமரத்தில் நிற்க. மகனுக்கு அன்று டியூஷன்.